ஏசக் கொடுத்த மைக்

தென்காசி நாடாளுமன்றத் தனித் தொகுதியில் நிற்க மங்களேஸ்வரி விருப்ப மனு கொடுத்தது அது மூன்றாவது முறை. கட்சியின் மகளிரணியில் பத்தொன்பது வருஷம் இருந்தவள். சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ராயகிரி வரை எந்தத் தெருவில் யார் ஓட்டு யாருக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். நேர்காணல் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் நடந்தது. சென்னையிலிருந்து வந்த கட்சிப் பார்வையாளர் தொகுதியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"வீட்டுக்காரர் சம்மதிச்சுட்டாராம்மா? டெல்லியில தனியா தங்குவீங்களா?"

"ஆம்பளையாள்கிட்டயும் இதைத்தான் கேட்டீங்களா?"

அவர் பேனாவை மூடிவிட்டார். பக்கத்தில் இருந்த மாவட்டச் செயலாளர் பிச்சுமணி சிரித்தார்.

சீட்டு தேவாவுக்குப் போனது. பிச்சுமணியின் பெட்ரோல் பங்கைப் பார்த்துக்கொள்பவன். கட்சியில் சேர்ந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. மங்களேஸ்வரி காரணம் கேட்டபோது பிச்சுமணி எதையும் மறைக்கவில்லை.

"நில்லுன்னா நிப்பான், இருன்னா இருப்பான். நீ அப்படியாட்டி?"

அதே மனிதர் பிரச்சாரத்தின் கடைசி வாரத்தில் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். எதிர்க்கட்சி வேட்பாளர் ஜோதிலட்சுமி, கல்லூரி ஆசிரியை, விவாகரத்து ஆனவர். "அவளை ஆம்பளை ஏசுனா பொம்பளையாள் ஓட்டு போயிரும். நீ ஏசு. எழுதியே கொண்டாந்துட்டேன்" என்று ஒரு தாளை நீட்டினார். மங்களேஸ்வரி வாங்கிப் படித்தாள். கூட்டத்துக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

பொதுக்கூட்டத்துக்குக் கட்சி வேன்களில் பெண்களை ஏற்றி வந்து முன்வரிசைகளில் உட்கார வைத்திருந்தார்கள். மங்களேஸ்வரி மைக் முன்னால் தாளை விரித்தாள்.

"இது பிச்சுமணி அண்ணாச்சி எழுதித் தந்தது. அப்படியே படிக்கேன். 'கட்டுனவன்கூட வாழத் தெரியாதவ பார்லிமென்ட்ல போய் என்னத்தைக் கிழிக்கப் போறா?'"

பின்னாலிருந்து விசில் பறந்தது. அது அடங்கும்வரை நின்றாள்.

"அங்கன போகணும்னு நான் மூணு தடவை கேட்டேன். புருஷன் விடுவானான்னு கேட்டாங்க. புருஷன் இல்லாதவளை இப்படி எழுதுதாங்க. இன்னொரு பொம்பளைய ஏசுததுக்கு மட்டும் எனக்கு மைக் தருதாங்க."

மைக்கை அணைத்தார்கள். அவள் தொண்டை கிழியப் பேசினாள். "எறங்குட்டி நாயே!" என்று பிச்சுமணி கையைப் பிடித்து இழுத்தார். ஒரு தண்ணீர் பாட்டில் அவள் தோளில் வந்து விழுந்தது. தேவா கும்பிட்ட கையைப் பிரிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முன்வரிசையில் பீடி சுற்றும் ஹாஜரா பீவி எழுந்தாள். "கைய எடும்வே! அவ பேசட்டும்."

அவளோடு நான்கு பேர் எழுந்தார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் அதே வேனில்தான் ஊர் திரும்ப வேண்டும். அந்த ஐந்து பேரையும் வேனில் ஏற்றவில்லை. மங்களேஸ்வரியோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள்.

மறுநாள் அவளைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். அன்று ஜோதிலட்சுமி போன் செய்தார்.

"எங்க கட்சிக்கு வாங்கம்மா."

"உங்க கட்சி எத்தனை பொம்பளையாளுக்கு சீட்டு குடுத்திருக்கு?"

"நான் மட்டும்தான்."

"அப்போ எனக்கு அங்கன என்ன வேலை? யாரை ஏசணும்?"

தேவா ஜெயித்தான். வெற்றி ஊர்வலம் மெனக்கெட்டு அவள் தெருவுக்கு வந்து, அவள் வாசலில் சரவெடியைக் கொளுத்தியது. புருஷன் கதவைச் சாத்தப் போனார். மங்களேஸ்வரி அவரை விலக்கிக்கொண்டு படியில் வந்து நின்றாள்.

"உள்ள வாட்டி!"

"இருங்க. எவன் எவன் வந்திருக்கான்னு மொகத்தைப் பாத்துக்கிடுதேன்."