நேராக உட்கார்ந்த எலும்பு

ஏரிக்கரையில் என்னைத் திட்டாத வாய் இப்போது கிடையாது. முத்தம்மாளுக்குக் கை போய்விட்டது, அவள் தொட்டால் விளங்காது என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பசியாவரத்தில் பாதி ஊர் நான் கட்டிய கால்களில்தான் நடக்கிறது. அந்தக் கால்களாலேயே என் வாசல்வரை நடந்து வந்து திட்டுகிறார்கள்.

எங்கள் வீட்டில் முறிந்த எலும்பைக் கட்டுவது பெண்கள் வேலை. ஆண்கள் மீன் பிடிக்கப் போய் உடைத்துக்கொண்டு வருவார்கள், நாங்கள் கட்டுவோம். மூங்கில் பத்தை, முட்டை வெள்ளை, உளுந்து மாவு, பழந்துணி, அவ்வளவுதான் சாமான். மற்றதெல்லாம் விரல். உள்ளே எலும்போடு எலும்பு சேர்ந்து உட்காரும்போது ஒரு சின்ன அசைவு விரலுக்குத் தெரியும். அது தெரியாமல் நான் கட்டுப் போட்டதில்லை. நான் கட்டி ஒன்றுகூடத் தானாகக் கோணியதில்லை. தலைக்கனம் என்றால் தலைக்கனம்தான்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் தரகன் தருமலிங்கம் என்னைத் தேடி வந்தான். அது பஞ்ச வருஷம். ஒல்லாந்தர் கோட்டைக்குக் கொஞ்ச தூரத்தில் அவனுக்கு ஒரு கிட்டங்கி இருந்தது. அரிசிக்காக விற்கப்பட்டவர்களை அதில் அடைத்துவைத்து, ஒல்லாந்தர் கப்பல் வந்ததும் கடல் தாண்டிப் பத்தாவிக்கு அடிமைகளாக ஏற்றிவிடுவான். போனவர்களில் ஒருத்தர் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அவன் ஆட்கள் ஒரு பெண்ணைத் தூக்கி வந்து என் வீட்டில் கிடத்தினார்கள். பெயர் நாகம்மாள், சுண்ணாம்புக்குளத்துப் பக்கம். கிட்டங்கிக்குக் கொண்டுவரும் வழியில் படகிலிருந்து குதித்திருக்கிறாள். படகுக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக் கணுக்காலுக்கு மேலே முறிந்துவிட்டது.

"நொண்டியைக் கப்பக்காரன் ஏத்த மாட்டான். நேரா கட்டு. கூடினதும் வந்து இட்டுக்கினு போறேன்" என்று சொல்லிவிட்டுத் தருமலிங்கம் போனான்.

நான் பத்தையை எடுத்தபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, கோணலா கட்டிடு."

"வாயை மூடு. என் கை அப்படிப் பழகல."

"நைனா வித்துட்டாரு. அவரைத் தப்பு சொல்லல, வூட்ல சின்னதுங்க இருக்குது. ஆனா கப்பல் ஏறிட்டேன்னா, நான் இருக்கேனா செத்தேனான்னுகூட அவருக்குத் தெரியாது அக்கா."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள்மேலா, அவளை விற்ற அப்பன்மேலா, தருமலிங்கத்தின்மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்த ஆத்திரத்தோடேயே கட்டினேன். பாதம் உள்பக்கம் திரும்பியிருக்கும்படி வேண்டுமென்றே கட்டினேன். இன்றைக்கும் அதில் எனக்கு வெட்கமில்லை.

எலும்பு கூடிய பிறகு தருமலிங்கம் கப்பல்காரனையே கூட்டிக்கொண்டு வந்தான். வெள்ளைக்காரன் அவளை நடக்கச் சொல்லிப் பார்த்தான், வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். தருமலிங்கம் போகவில்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"உன் கட்டு கோணுச்சா?"

"வயசாயிடுச்சு ஐயா. கை நடுங்குது."

"நடுங்கட்டும். நடுங்கினுதான் இருக்கணும். இனிமே நீ கட்டின எலும்பு ஒண்ணு நேரா கூடுச்சுன்னு என் காதுல வுழட்டும். இவ காலை மறுபடியும் உடைச்சு, உன்னை வுட்டே நேரா கட்டவெச்சு ஏத்துவேன். கோணின எலும்பை உடைச்சுக் கட்டலாம்னு எனக்கும் தெரியும்."

நாகம்மாளுக்குச் சோறு போட மனமில்லாமல் அவளை அங்கேயே விட்டுவிட்டுப் போனான். அவள் எங்கள் ஊரிலேயே தங்கினாள். கால் கோணினால் என்ன, முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்தபடியே தடவித் தடவி நண்டு பிடிப்பாள். சிரிக்கக்கூடப் பழகிவிட்டாள். கட்டுப்பட்டுக் கிடந்தது நான்தான். முறிந்து வந்தவர்களையெல்லாம், கை நடுங்குகிறது, சுண்ணாம்புக்குளத்தில் ஒருத்தர் கட்டுகிறார், போங்கள் என்று அனுப்பினேன். வலியோடு படகில் அத்தனை தூரம் போனவர்கள் என்னைத் திட்டாமல் என்ன செய்வார்கள்? தருமலிங்கத்தின் ஆள் கருவாடு எடுக்க எங்கள் கரைக்கு வருவான். எடுத்துவிட்டு என் வாசலையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போவான். என் வீட்டுக்காரர் குப்பனிடம்கூட நான் சொல்லவில்லை. கள் உள்ளே போனால் அந்த மனுஷனுக்கு வாய் நிற்காது.

கார்த்திகையில் ஒருநாள் முகத்துவாரத்தில் அலை தூக்கி அடித்து, குப்பனைக் கரைக்குத் தூக்கி வந்தார்கள். கெண்டைக்கால் நடுவில் முறிந்து, எலும்பு தோலைக் குத்திக்கொண்டு நின்றது. வாடைக் காற்று ஏரியைப் புரட்டிக்கொண்டிருந்தது. சுண்ணாம்புக்குளத்துக்குப் படகு விட ஒருத்தரும் வரமாட்டார்கள். வந்தாலும் அந்த ஆட்டத்தில் எலும்பு வெளியே வந்துவிடும், காலே போய்விடும். கூட்டத்தில் தருமலிங்கத்தின் ஆளும் நின்றான்.

எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன். நாகம்மாள் மட்டும் போகவில்லை.

"அக்கா, மாமா காலை நேரா கட்டு. நான் கப்பல்ல போறேன்."

"போடி வெளியே. நீ போறதுக்கா நான் இத்தனை பேச்சு கேட்டேன்?"

குப்பன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நாகம்மாள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் அவளுடைய திரும்பிய பாதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

காலைப் பிடித்து இழுத்தேன். என் கை நடுங்கவே இல்லை, பாவி கை. எலும்பு நகர்ந்து, எலும்போடு சேர்ந்து, உட்கார்ந்தது. அந்த அசைவை விரல் எவ்வளவு நாளாக மறந்திருந்தது. அழுகை வந்துவிட்டது எனக்கு. இப்படியே பத்தையை வைத்துக் கட்டினால் போதும், முன்பு போலவே ஓடுவார்.

"உக்காந்துச்சு இல்ல?" என்றார் குப்பன்.

"உக்காந்துச்சுயா."

"அப்போ ஏன் இன்னும் கையை எடுக்காம இருக்கே?"

வெளியே தருமலிங்கத்தின் ஆள் யாரிடமோ பேசும் குரல் கேட்டது. குப்பன் மேல்துண்டைச் சுருட்டி வாயில் வைக்கப் போனவர், நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"ரொம்ப வேணாண்டி. படகுல நிக்கணும்."

துண்டைக் கடித்துக்கொண்டார். நேராக உட்கார்ந்திருந்த எலும்பை நான் கட்டைவிரலால் தள்ளினேன்.