தங்கியவை

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒன்று பொய்யென்றாலும் சொல்பவன் நாக்கு அழுகிப் போகட்டும். கேட்டுவிட்டுச் சிரிப்பவன் நாக்குக்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது.

அந்த மேட்டில் பத்தொன்பது காற்றாலைகள். குளிருக்குப் பயந்து நாடு தாண்டிப் போகும் நாரைகளுக்கு அந்த மேடுதான் வழி. தாத்தன் பாட்டன் காலத்து வழி. காற்று எங்கே நன்றாக வீசுகிறது என்பதையே அந்த நாரைகள் போகிற போக்கைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்களாம். வழி கேட்டுவிட்டு, சொன்னவன் கழுத்தை அறுத்த கதை.

விழுகிற பறவைகளை எடுத்துப் பதிவேட்டில் எழுத ஓர் ஆள் வைக்க வேண்டும் என்பது அனுமதிப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை. நியமன உத்தரவில் அந்த ஆளுக்குக் 'களச் சேகரிப்பாளர்' என்று பெயர். ஊழியர்கள் சுருக்கமாகப் 'பொறுக்கி' என்றார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மேலாளர் எதையும் ஆண்டதில்லை, பறவை நிபுணருக்கு எதுவும் தெரியாது. பெயருக்கும் வேலைக்கும் பொருத்தம் உள்ள ஒரே ஆள் தான்தான் என்று அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

மேலாளர் வேறு யாருமில்லை, பொறுக்கியின் மனைவிக்குத் தம்பி.

முதல் வாரமே பதினான்கு நாரைகள் கிடைத்தன. வாரத்தில் பத்துக்கு மேல் செத்தால், கூட்டங்கள் கடந்து முடியும்வரை காற்றாலைகளை நிறுத்த வேண்டும் என்பதும் பத்திரத்தில் இருந்தது. பதினான்கையும் சாக்கில் போட்டுக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார். அங்கே நிபுணரும் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் தொலைநோக்கி, அதன் மூடியை அவர் கழற்றி யாரும் பார்த்ததில்லை.

"மாப்ளே, பதினாலு செத்திருக்கு. மிஷினை நிறுத்தச் சொல்லு."

"சாக்கைக் கார்ப்பெட்ல வைக்காதீங்க அத்தான். பதிவேட்டைப் பாருங்க. அதுல 'செத்தவை'ன்னு கட்டம் இருக்கா?"

இல்லை. இரண்டே கட்டங்கள்: 'கடந்தவை', 'தங்கியவை'. நிபுணர் ஆறு மாதம் யோசித்து வகுத்தவை.

"சாவுங்கறது மருத்துவத் தீர்ப்பு," என்றார் நிபுணர். "நீங்க டாக்டரா? பறவை வந்துச்சு, போகலை. அப்போ தங்கியிருக்குன்னு அர்த்தம்."

"தலை ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் தங்கியிருக்கே சார்."

"அப்போ ரெண்டுன்னு எழுதுங்க. ஒரு இறகு கிடைச்சாலும் ஒரு வருகைதான்."

பொறுக்கி எழுதினார். 'தங்கியவை' வாரா வாரம் ஏறியது. நெடும்பயணத்தின் அலுப்பை வெறுத்து நாரைகள் இந்த மேட்டிலேயே நிரந்தரமாகத் தங்க முடிவு செய்துவிட்டன என்று நிபுணர் அறிக்கை அனுப்பினார். மேலிடம் உருகிப்போய் நிபுணருக்கு ஒரு பதக்கமும், மேட்டுக்கு ஒரு பலகையும் அனுப்பியது: 'பறவைகள் விரும்பித் தங்கும் இடம்'. அதைப் படித்த நாரைகள் அப்படியே திரும்பி, மேட்டைச் சுற்றிக்கொண்டு போயின. எழுத்தறிவில்லாதவைதான் மேலே வந்து மாட்டின.

"என் தம்பி பார்த்துக் குடுத்த வேலை, வாயை மூடிக்கிட்டு இருங்க," என்றாள் மனைவி. "கோழிக்குப் படாத பரிதாபம் நாரைக்கு என்ன?"

"கோழி வெட்டுறவன் அதைத் தங்கியிருக்குன்னு சொல்லமாட்டானே."

அப்போதுதான் மூன்று நாள் தொலைவிலிருக்கும் ஏரியின் காவலாளி போன் செய்தார். பெருங்கூட்டம் கிளம்பிவிட்டது. நாலாயிரம் நாரைகள், குஞ்சும் குளுவானுமாக, புதன்கிழமை காலை மேட்டைத் தொடும். அவற்றில் ஒன்றுக்கும் படிப்பில்லை.

பொறுக்கி நேராக மேலாளரிடம் போனார்.

"ஒரே ஒரு காலை, மாப்ளே. விடிஞ்சதுலேர்ந்து மத்தியானம் வரைக்கும்."

"தங்க வர்ற விருந்தாளிக்காக எவனாவது ஃபேனை நிறுத்துவானா அத்தான்?"

நிபுணர் விழுந்து விழுந்து சிரித்தார். பொறுக்கி சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய், பதிவேட்டோடு கொடுத்திருந்த அனுமதிப் பத்திரப் படியை எடுத்து, அதுவரை எவனும் புரட்டாத கடைசிப் பக்கத்தைப் படித்தார். 'ஐயாயிரத்துக்கு மேல் பறவைகள் நிரந்தரமாகத் தங்கும் இடம் சரணாலயமாகக் கருதப்படும். அங்கே எந்த இயந்திரமும் சுற்றலாகாது.'

பதிவேட்டில் அதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு.

மறுநாள் காலை, திங்கட்கிழமை, விருந்தினர் அறையைப் பெருக்குகிற சாக்கில் போய், நிபுணர் படுக்கிற தலையணையை எடுத்துவந்தார். மூன்றாம் காற்றாலையின் அடியில் வைத்துக் கிழித்தார். பொழுது சாயும்வரை இறகு இறகாகப் பொறுக்கினார். ஆறாயிரத்து நூற்று இருபத்தொன்பது. இறகுக்கு ஒரு வருகை என்று அத்தனையையும் 'தங்கியவை' கட்டத்தில் ஏற்றினார். பொய்யெழுத்து கிடையாது, ஒவ்வோர் இறகும் அவர் கையால் தரையிலிருந்து எடுத்தது. தலையணையில் இருந்தது வாத்திறகு. வாத்துக்கும் நாரைக்கும் வித்தியாசம் தெரிந்திருந்தால் நிபுணர் ஏன் நிபுணராகிறார்?

இரண்டாவது பதக்கத்தை மனதில் மாட்டிக்கொண்டு, நிபுணர் அன்றிரவே அந்தக் கணக்கில் கையெழுத்துப் போட்டு வனத்துறைக்கும் ஒரு படி அனுப்பினார். செவ்வாய் மத்தியானம் வன அதிகாரி வந்து இறங்கினார்.

"ஆறாயிரத்துச் சொச்சம் தங்கியிருக்காமே?"

"நிரந்தரமா சார்," என்றார் நிபுணர், நெஞ்சை நிமிர்த்தி.

"நல்லது. அப்போ இது சரணாலயம். எல்லா மிஷினையும் நிறுத்துங்க."

நிபுணர் முகம் பிசைந்த மாவு போலானது. தங்கவில்லை என்றால் செத்தவை. செத்தவை பத்தைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். தங்கியவை என்றாலும் நிறுத்த வேண்டும். மேலாளர் அதிகாரிக்குக் கேட்காதபடி பொறுக்கியின் காதோரம் குனிந்தார்.

"அத்தான், ஒரு பத்துக்குள்ளதான் செத்துச்சு, மிச்சமெல்லாம் பறந்து போயிடுச்சுன்னு சொல்லுங்க. உங்க காலைப் பிடிக்கிறேன்."

"நான் என்ன டாக்டரா மாப்ளே?"

அன்று மாலையே பத்தொன்பதும் நின்றன. பொறுக்கிக்கு வேலை போயிற்று. செத்தவை இல்லாத இடத்தில் பொறுக்க ஆள் எதற்கு என்று மேலாளர் அந்த உத்தரவைத் தன் கையாலேயே எழுதினார்.

புதன்கிழமை காலை, வேலையில்லாத மனிதராக, பொறுக்கி மேட்டில் போய் நின்றார். நாரைகள் வந்தன. வெயில் மறைந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம் தலைக்குமேல் சிறகுச் சத்தம் மட்டும்தான். ஒன்றுகூட விழவில்லை. ஒன்றுகூடத் தங்கவில்லை. போகிற போக்கில் நாலாயிரமும் நிபுணரின் காரைப் பற்றித் தங்கள் கருத்தை அதன் மேலேயே பதிவு செய்துவிட்டுப் போயின. கார் எந்த நிறம் என்பது இப்போது நிபுணருக்கே நினைவில்லை.

பிறகு இறக்கைகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள்; அந்தப் பத்தொன்பது கோபுரங்களில் ஒன்றுக்கும் இன்றுவரை திரும்ப மாட்டவில்லை.