கேப்டனுக்கு ஒரு மணி

நவம்பர் வந்தாலே எனக்கு அலுப்பு. சுப்பீரியர் ஏரியில் காற்று கிளம்பும். கூடவே, எங்கள் ஊர் சர்ச்சில் 'ஹேரியட் போல்' என்ற கப்பலுக்கு நினைவுக் கூட்டமும் வரும். இரும்புத் தாது ஏற்றிப் போய்ப் புயலில் மூழ்கிய கப்பல். ஒருவர்கூடத் திரும்பவில்லை. பாஸ்டர் ஒவ்வொரு பெயராக வாசிப்பார். அந்தந்த வீட்டு ஆள் எழுந்துபோய் மணிக்கயிற்றை இழுக்க வேண்டும். கேப்டன் பெயர் கடைசி. கேப்டன் என் அப்பா.

அவருக்கு நான் மட்டும்தான் இழுப்பேன். வேறு யார் இழுப்பார்கள்? புயல் எச்சரிக்கையைக் கேட்ட பிறகும் கப்பலை எடுத்தவர் என்று ஊரே அவரைக் கரித்துக் கொட்டியது. கம்பெனி நெருக்கியது, காற்று திசை மாறியது என்று மளிகைக்கடை வரிசையில் நின்றுகூட வாதாடியிருக்கிறேன். தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

இந்த வருஷம் பனியில் வழுக்கி வலது கை முறிந்து, மாவுக்கட்டு. போகாமல் படுத்துவிடலாம் என்றிருந்தது. அப்பா பெயரை வாசித்ததும் எல்லோரும் கம்மென்று உட்கார்ந்திருப்பதை நினைத்தேன். எப்படியோ கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"கேப்டன் ஆஸ்முண்ட் ஹெல்விக்," என்றார் பாஸ்டர்.

இடது கையால் இழுத்தேன். கயிறு அசைந்தது, மணி அசையவில்லை. மறுபடி இழுத்தேன். தோள்பட்டை விண்ணென்று தெறித்தது. பாஸ்டர் உதவிக்கு எழுந்தார்.

"நீங்க உக்காருங்க பாஸ்டர். கப்பல்ல போனவங்க வீட்டு ஆளுதான் இழுக்கணும்."

சைமா காங்கஸ். அந்தக் கப்பலில் தம்பியைப் பறிகொடுத்தவள். பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். கப்பல் போன பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள். எழுந்து என்னிடம் வந்தாள்.

"நான் இழுக்கறேன்."

"நெஜமாவா சொல்ற?"

"சும்மா இல்ல. உங்கப்பா அன்னைக்குக் கெளம்பியிருக்கக் கூடாதுன்னு உன் வாயால சொல்லு. அப்புறம் இழுக்கறேன்."

"சர்ச்சுல வச்சா இந்தப் பேரம்? வெக்கமா இல்ல?"

"வேற எங்க வச்சுக் கேக்கறது? என்னப் பாத்தாலே ரோட்டத் தாண்டிப் போயிடறியே!"

பின்வரிசையில் யாரோ, "காப்பி ஆறுதும்மா," என்று முனகினார்கள். காற்று ஜன்னலை உலுக்கிக்கொண்டிருந்தது. கம்பெனி, காற்று எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. சொல்லத் தெம்பில்லை. போதும் போதும் என்றாகிவிட்டது.

"கெளம்பியிருக்கக் கூடாது," என்றேன். "எங்கம்மா போன்ல கெஞ்சுனாங்க, வேணாங்கன்னு. நான் பக்கத்துலதான் நின்னேன். சிரிச்சிட்டுப் போனை வச்சிட்டாரு."

சைமா இரண்டு கைகளாலும் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். மணி கணீரென்று அடித்தது. நான் இழுத்து ஒருநாளும் அப்படி அடித்ததில்லை.

கூட்டம் முடிந்ததும் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாப்புடு. எடது கையால முடியுமா, பிச்சுத் தரவா?"

சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. ஏரி அப்பாவை ஒரு முறை மூழ்கடித்தது. இன்றைக்கு நான், அத்தனை பேர் முன்னால். சைமா ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தாள். அழுதுகொண்டே தின்றேன்.