பிளெட்சோ விதவையின் வீடு

எங்கள் தெற்கத்திப் படையின் வரைபடக்காரன் சார்ஜென்ட் வைலிக்கு வழி காட்டச் சொல்லி என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் மாவு மில் நடத்துகிறவன். சிப்பாய்க்கு ரொட்டி வேண்டுமே, அதனால் எனக்குப் போரிலிருந்து விலக்கு. அடிமைகளைக் கூட்டமாக வைத்திருக்கும் பெரிய பண்ணைக்காரர்களுக்கும் சட்டத்திலேயே விலக்கு உண்டு. யாருக்காக இந்தச் சண்டையோ அவர்கள் வீட்டில் இருந்தார்கள், ஒன்றுமில்லாதவன் போய்ச் செத்தான்.

வைலி மரியாதை தெரிந்த பையன். சேணத்தில் உட்கார்ந்தபடியே சாலை, ஓடை, காடு எல்லாவற்றையும் வண்ணப் பென்சிலால் இழுத்துவிடுவான். எங்கள் வர்ஜீனியா மேடுகளில் ஒரு வீட்டுக்கு அதில் குடியிருப்பவன் பெயர்தான் அடையாளம். ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கறுப்புக் கட்டம் போட்டுப் பக்கத்தில் பெயரை எழுதுவான்.

மேட்டு வீட்டு வாசலில் பெர்மீலியா பிளெட்சோ நின்றிருந்தாள். வீட்டுக்காரர் பெயரை வைலி கேட்டான். போரில் செத்துவிட்டார் என்றாள். அந்த நேரம் அவள் புருஷன் ஹிராம் சமையலறைத் தரைக்கு அடியில், உருளைக்கிழங்கு போட்டுவைக்கும் குழியில் படுத்திருந்தான். அறுவடை முடிந்த கையோடு படையை விட்டு ஓடிவந்தவன். பிடிபட்டால் சுட்டுவிடுவார்கள். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை. 'பிளெட்சோ விதவை' என்று எழுதிக்கொண்டு, தொப்பியைக் கழற்றி அவளுக்கு ஆறுதல் வேறு சொன்னான் வைலி.

மே மாதம் வடக்கத்திப் படை ஓடை வரை வந்துவிட்டது. எங்கள் படை முகாமில் மாவு மூட்டை இறக்கப் போனபோது, பீரங்கிக் கேப்டன் ராட்கிளிஃப் வைலியின் படத்தை விரித்து வைத்திருந்தான். பீரங்கி நிறுத்தத் தோதான மேடுகள் இரண்டு. ஒன்றில் மாஜிஸ்ட்ரேட்டின் செங்கல் வீடு, இன்னொன்றில் பெர்மீலியாவின் மரவீடு. எதை எடுத்தாலும் பார்வையை மறைக்கிற வீட்டைக் கொளுத்தியாக வேண்டும்.

"மாஜிஸ்ட்ரேட் வீட்டத் தொட்டா தலைநகரு ரிச்மண்ட் வரைக்கும் போய்க் கத்துவாரு," என்றான் கேப்டன். "இது விதவை வீடு. கேக்க நாதி கெடையாது. இதையே கொளுத்துங்க."

விழுந்தடித்து ஓடினேன். அவர்களுக்குக் குதிரை இருந்தது, எனக்குக் கால்தான். நான் போய்ச் சேரும்போது கட்டிலையும் வெண்ணெய் கடையும் பானையையும் பத்திரமாக வெளியே வைத்திருந்தார்கள். அவ்வளவு கண்ணியம். அடுப்படியை விட்டு நகர மறுத்த பெர்மீலியாவை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். தாழ்வாரத்தில் வைக்கோலைக் குவித்துத் தீப்பந்தத்தைப் பற்றவைத்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

"நிறுத்துங்கய்யா," என்றாள் கேப்டனிடம். "உள்ள என் வீட்டுக்காரரு இருக்காரு."

அவன் படத்தைத் தட்டிக் காட்டினான். "விதவைன்னுல்ல போட்டிருக்கு?"

"நான் சொன்ன பொய்யி அது. தரைக்கு அடியில இருக்காரு. அவர வெளிய எடுத்துட்டு அப்புறம் என்னத்த வேணா எரிங்க."

ஹிராமை இழுத்து வந்தார்கள். வெயிலைப் பார்க்க முடியாமல் கண்ணைக் கையால் மூடிக்கொண்டான். அவனை நிற்கவைத்துச் சுடக் கேப்டனுக்கு நேரமில்லை, ஆளும் பற்றவில்லை. ஒரு துப்பாக்கியைக் கொடுத்து முன்வரிசையில், ஹிராமின் சோளக்கொல்லை வேலியோரமே நிறுத்தினான். வீட்டையும் எரித்தார்கள். கூரை விழுந்ததும் இப்போது நன்றாகத் தெரிகிறது என்று பீரங்கிக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். எதிரி சுட்ட முதல் வேட்டிலேயே ஹிராம் போய்விட்டான்.

சண்டை ஓய்ந்தபின் கேப்டன் என் மில்லுக்கு வந்தான். பெர்மீலியாவுக்கு அங்கேதான் இடம் கொடுத்திருந்தேன். ஹிராம் தன் களங்கத்தைக் கழுவிக்கொண்டான், வீரனாகவே மடிந்தான், இனி அவள் தலைநிமிர்ந்து நடக்கலாம் என்று என்னென்னவோ சொன்னான். அவள் சோளமாவைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"வீரமா செத்தாருன்னு எங்கிட்ட வந்து சொல்லாதீங்க," என்றாள். "குளிர்காலம் பூரா எலியோட படுத்துக் கெடந்தாரு. எதுக்கு? உசுரோட இருக்கணும்னு. அவரு ஆசப்பட்டது அது ஒண்ணுதான்."

கேப்டன் தொப்பியைப் போட்டுக்கொண்டு, எத்தனை மூட்டை மாவு தேறும் என்று என்னைக் கேட்டான்.