தகடு வைத்த வண்டி

1

இந்தக் கதையை என் தங்கையின் கணவர்தான் எழுதச் சொன்னார். சுரங்கப்பாதை தோண்டும் இடத்தில் அவர் டீசல் மெக்கானிக். போன ஞாயிற்றுக்கிழமை வந்தவர் காபியைத் தொடவில்லை.

"மச்சான், நான் சொல்றத அப்படியே எழுதுங்க. எங்கயும் பூசி மெழுகாதீங்க."

2

முதல் தொடக்கம்: 'மண் அள்ளும் வண்டி ஒரு கிழட்டு மிருகத்தைப் போல...'

(வேண்டாம். ஓர் ஆள் செத்திருக்கிறார்.)

நேராகவே சொல்கிறேன். டீசல் எஞ்சின் கக்கும் புகையில் ஒரு பங்கைக் குளிரவைத்து, மறுபடி எஞ்சினுக்குள்ளேயே அனுப்ப ஒரு வழி உண்டு. எரிந்து முடிந்த புகை உள்ளே இடம்பிடித்துக்கொள்வதால் பிராணவாயு குறையும். தீயின் உச்சச் சூடு தணியும். சூடு தணிந்தால், நைட்ரஜன் பிராணவாயுவோடு சேர்ந்து நச்சுவாயு ஆவதும் குறையும். இதை மாப்பிள்ளை எனக்கு மூன்று முறை விளக்கினார்.

தொல்லை என்னவென்றால், அந்த வழியிலுள்ள வால்வில் கரி அடைத்துக்கொள்ளும். வண்டி இழுக்காது.

3

மண் அள்ளும் வண்டியின் டிரைவர் மாப்பிள்ளைக்கு எட்டு வருடச் சிநேகிதர்.

"மேடு ஏற மாட்டேங்குதுண்ணே. சூப்பர்வைசர் உயிர வாங்குறான். ஏதாச்சும் பண்ணுங்க."

வால்வைக் கழற்றிச் சுத்தம்செய்ய அரை நாள் ஆகும். இரும்புத் தகடு வெட்டி வழியை அடைக்கக் கால் மணி நேரம். மாப்பிள்ளை அடைத்தார். வண்டி மேட்டில் சிட்டாய்ப் பறந்தது. புகையில் நச்சுவாயுவும் கூடியது.

ஒன்பதாம் நாள், சுரங்கத்துக்குள் காற்று தள்ளும் பெரிய மின்விசிறி நின்றுபோனது. வேலை நிற்கவில்லை. டிரைவர் இருமிக்கொண்டே வெளியே வந்தார். "தொண்டைதாண்ணே" என்று வீட்டுக்குப் போனார். மறுநாள், அந்த வாயு தாக்கி நுரையீரலில் நீர் கோத்து இறந்தார்.

4

விசாரணை அறிக்கை மின்விசிறியோடு முடிந்தது. தகட்டை யாரும் பார்க்கவில்லை.

இங்கே நான் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். மின்விசிறி நிற்பதற்கு முந்தின நாளே தகட்டை மாப்பிள்ளை எடுத்துவிட்டதாக எழுதினேன், தங்கையை நினைத்து. படித்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தார்.

"நான் எடுக்கலியே மச்சான்."

"ஃபேன் ஓடியிருந்தா பொழச்சிருப்பாருல்ல, மாப்ள?"

"இருக்கலாம். தகடு இல்லன்னாலும் பொழச்சிருக்கலாம். எதுன்னு தெரியலையே."

5

நேற்று டிரைவரின் மனைவியிடம் சொல்லப் போனார். துணைக்கு நானும் போனேன். அந்த அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். இவர் தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னார். மடிக்கும் கை நின்றது.

ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவர் கேட்டுதான் வெச்சீங்களா?"

பதிலை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். 'ஆமாம்' என்றால் செத்தவர் தலையிலும் பழி. 'இல்லை' என்றால் முழு உண்மையில்லை; 'ஏதாச்சும் பண்ணுங்க' என்று கேட்டது அவர்தானே. இரண்டையும் அடித்துவிட்டேன்.

கதையில் அந்த அம்மா இன்னும் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?