நூல் கோர்க்காத தையல்

பண்டிகை வெடிச்சத்தம் தொடங்குமுன்பே தையல்காரம்மா ஜன்னல்களைச் சாத்தி, பின்கதவுக்குத் தாழும் போட்டுவிட்டாள். போன வருடம் முதல் வெடிக்கே குண்டூசி என்ற அவளுடைய பூனை பாய்ந்து வெளியே ஓடிவிட்டது. தெருத்தெருவாகத் தேடி அலைந்து அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. குண்டூசி குட்டியிலிருந்தே தையல் மெஷினடியில் வளர்ந்தது. மெஷின் கடகடவென்று ஓடினால்தான் அதற்குத் தூக்கமே வரும். விடுமுறையில் மெஷின் ஓய்ந்து, வெடியும் சேர்ந்துகொண்டால் அது பாவம் என்னதான் செய்யும்?

இந்த வருடம் தைக்கத் துணியும் இல்லை. எல்லோரும் ரெடிமேடுக்குப் போய்விட்டார்கள். போகட்டும் என்று பழைய போர்வை ஒன்றை ஊசிக்கடியில் வைத்து, நூல் கோர்க்காமலே மிதித்தாள். அலமாரிக்குப் பின்னாலிருந்து முதலில் மீசை எட்டிப் பார்த்தது. பிறகு பூனைத் துரை மெல்ல வந்து, அவள் காலடியில் சுருண்டு படுத்தார்.

கைபேசி அடித்தது. வெளியூரில் இருக்கும் மகன். காலை நிறுத்தாமலே எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"அம்மா, லீவுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போலாமான்னு பாத்தேன்."

எத்தனை வருடமாகக் காத்திருந்த வார்த்தை!

"மெஷின் சத்தம் கேக்குதே. வேலை தலைக்கு மேல இருக்கா?"

அவன் வராத வருடங்களில் அவன் மனம் சங்கடப்படக் கூடாதென்று அவளே எடுத்துக் கொடுத்த சாக்கு அது. 'வேலையும் இல்ல ஒண்ணும் இல்ல, பூனைக்காக ஓட்டுறேன், நீ கிளம்பி வா' என்று சொல்ல வாயெடுத்தாள். தெருவில் படாரென்று ஒரு வெடி. குண்டூசி விதிர்த்து எழுந்தது. அவள் கால் தானாக வேகம் பிடித்தது. வாயும் பழக்கதோஷத்தில் முந்திக்கொண்டது.

"ஆமாப்பா, மூச்சு விட நேரமில்ல."

"அப்ப சரிம்மா, தொந்தரவு பண்ணல. அடுத்த தடவை பாத்துக்கலாம்."

வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிடலாம்தான். ஆனால் வேலையில்லை, வா என்று வாய்விட்டுக் கெஞ்ச வேண்டும். பாழாய்ப் போன ரோஷம் அதற்கு விடவில்லை. கண்ணீர்தான் கேட்காமல் வந்தது.

வெடிகள் ஓய்ந்தன. குண்டூசி வயிறு ஏறி இறங்க அயர்ந்து தூங்கியது. போர்வை முழுக்க ஓட்டை. இனி நிறுத்தலாம். அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள். நிறுத்தினால் வீட்டில் வேறு யாரும் இல்லை என்பது காதில் விழுந்துவிடும்.