ஏறாதவர்களின் ரயில் நிலையம்

1

இடுப்பு பிடித்துக்கொண்டது. இதை எழுதுகிறவன் பகல் முழுக்க லாரிக்கு ஜல்லி ஏற்றியவன்; குனிந்தால் நிமிர முடியவில்லை. வலியை மறக்கத்தான் மூடிப்போன ரயில் நிலையத்தின் வரலாற்றை எழுத உட்கார்ந்தான். கதை பிறந்த லட்சணம் அவ்வளவுதான்.

'ஒரு காலத்தில் இங்கே ரயில் நின்றது. பெஞ்சுகளில் காதலர்கள்—'

[பொய். பெஞ்சே கிடையாது. சிமெண்டுத் தரையும் ஒரு டிக்கெட் ஜன்னலும்தான். அடித்துவிட்டான்.]

2

அந்த ஜன்னலுக்குப் பின்னால் கமிஷனுக்கு டிக்கெட் விற்றவர் அவனுடைய அக்கா புருஷன். 'ஆள் வரவில்லை, மூடப்போகிறோம்' என்று மேலிடத்திலிருந்து தகவல் வந்ததும், கல்குவாரி ஆட்களைக் கூட்டி அவர்தான் சொன்னார்: "வீட்டுக்கு ஒரு டிக்கெட் தினம் வாங்குங்க. ஏற வேணாம். வித்தது எத்தனைன்னுதான் பாப்பாங்க."

வாங்கினார்கள். கூலி இல்லாத நாளிலும் வாங்கினார்கள். மடியில் செருகிக்கொண்டு குவாரிக்கு நடந்தார்கள்.

ஒரு நாள் அதிகாரி வந்து நடைமேடையில் நின்றார். அவர் எண்ணியது டிக்கெட்டை அல்ல, ஏறுகிற தலைகளை. ரயில் வந்தது, நின்றது, போனது. ஒரு தலையும் ஏறவில்லை. அதைப் பார்த்தது அந்த அதிகாரியும் மாமாவும் மட்டும். அடுத்த மாதத்திலிருந்து ரயில் நிற்கவேயில்லை.

[அதிகாரியைக் கெட்டவனாக்கலாமா என்று பார்த்தான். வரவில்லை. மனுஷன் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார், எண்ணினார், போனார்.]

3

மாமா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, என்னைப் பத்தியா?"

"ஸ்டேஷனைப் பத்தி, மாமா."

"ரெண்டும் ஒண்ணுதான்டா. அரசாங்கம் ஏமாத்திருச்சுன்னு எழுது. ஊரும் அப்படித்தான் நம்பிட்டிருக்கு. என் யோசனையாலதான் போச்சுன்னு தெரிஞ்சா உங்கக்கா தெருவுல தலை காட்ட முடியுமா?"

"நல்ல எண்ணத்துலதானே சொன்னீங்க?"

"ரயில் இல்லாம ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கட்டில்ல வச்சுத் தூக்கிட்டுப் போறாங்களே, அவங்ககிட்டப் போய்ச் சொல்லு, நல்ல எண்ணம்னு."

அவன் பேனாவை மூடினான். மறுபடி திறந்தான்.

4

முடிவு ஒன்று: இரண்டாம் பகுதியைக் கிழித்துப் போடுவது.

முடிவு இரண்டு: மாமாவே ஊரைக் கூட்டி, கண் கலங்க— [கூட்டமாட்டார். கூடப் பிறந்தவளின் புருஷன், இவனுக்குத் தெரியாதா?]

மூன்றாவதை உங்களிடம் விடுகிறான். இரண்டாம் பகுதியை நீங்கள் படித்தாயிற்று. இனி அதைக் கிழித்து என்ன பிரயோசனம்? குவாரி ஆட்கள் யாரையாவது வழியில் பார்த்தால் சொல்வதும் விழுங்குவதும் உங்கள் பாடு. ஒன்றை மட்டும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். விலை கொடுத்து வாங்கிய அத்தனை பயணமும் அவர்களுக்கு இன்னும் பாக்கி.